அறிக்கையில் பூஜ்ஜியத்தையும் காலிக் கட்டத்தையும் பிரித்துக் காட்டுவது எப்படி?

கிளைவாரி விற்பனை அறிக்கையில் ஒரு கட்டம் வெறுமனே கிடந்தால், அங்கே விற்பனையே நடக்கவில்லையா, கணக்கு இன்னும் வந்து சேரவில்லையா, அந்தச் சரக்கை அந்தக் கிளை வைத்திருப்பதே இல்லையா என்று படிப்பவருக்குத் தெரியாது. ஆகவே எக்செலைத் திறப்பதற்கு முன்பே இம்மூன்றுக்கும் தனித்தனிக் குறிகளை முடிவு செய்துகொள்ளுங்கள். விற்பனை இல்லையென்றால் 0 அல்லது சிறு கோடு, கணக்கு வராவிட்டால் ‘வரவில்லை’, சரக்கே கிடையாதென்றால் ‘பொருந்தாது’ என்று வைத்து, அட்டவணைக்குக் கீழே ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

இது வெறும் அழகு சார்ந்த விஷயமன்று. மூன்று கிளைகளில் 60,000, 40,000, 20,000 ரூபாய் விற்றிருக்க, நான்காவது கிளையின் கட்டம் காலியாக இருந்தால் சராசரி 40,000. அதே கட்டத்தில் 0 இருந்தால் 30,000. எக்செலின் சராசரிச் சூத்திரம் காலிக் கட்டத்தை விட்டுவிடும், பூஜ்ஜியத்தைச் சேர்த்துக்கொள்ளும்.

கோடு வேண்டுமென்று கையால் தட்டச்சு செய்யாதீர்கள். அது எழுத்தாகிவிடுவதால் சராசரியிலிருந்து விடுபடும். கூட்டல் குறி போட்டுக் கூட்டினால் பிழையும் காட்டும். அதற்குப் பதிலாக கட்டத்தின் எண் வடிவத்தில் (Number Format) #,##0;-#,##0;"–" என்று கொடுத்தால், அரைப்புள்ளிகளால் பிரிந்த மூன்றாவது பகுதி பூஜ்ஜியத்துக்கு உரியது என்பதால், கண்ணுக்குக் கோடு தெரியும், உள்ளே 0 அப்படியே இருக்கும்.

வேறொரு அட்டவணையிலிருந்து மதிப்பைத் தேடித்தரும் வீலுக்கப் (VLOOKUP) சூத்திரம் காலிக் கட்டத்தை எடுத்தாலும் 0 என்றே காட்டும் என்பதால், மூலக் கட்டம் காலியா என்று இஃப் (IF) சூத்திரத்தால் முதலில் சோதிப்பது நல்லது. பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் (Pivot Table) காலிக் கட்டங்களை 0 ஆக்கும் வசதியை நான் பரிந்துரைப்பதில்லை. பதிவு இல்லை என்பதை மட்டுமே அது அறியும், ஏன் இல்லை என்பதை அறியாது.

லட்சத்தில் சுருக்கும்போது 300 ரூபாய் 0.00 ஆகிவிடும். அதை ‘0.01-க்கும் குறைவு’ என்று எழுதுங்கள். சென்ற ஆண்டு 0 ஆக இருந்து இவ்வாண்டு விற்பனை நடந்திருந்தால் வளர்ச்சி விகிதம் கணக்கிட முடியாது. பிழைக் குறியை அப்படியே விடாமல் ‘புதிது’ என்று குறிப்பிடலாம். கோட்டு வரைபடத்தில் கணக்கு வராத மாதத்தை இடைவெளியாகவே விடுங்கள், இல்லையேல் கோடு தரைக்கு இறங்கி, விற்பனை சரிந்ததாகத் தோன்றும். மொத்தத்துக்குப் பக்கத்திலும் ‘4 கிளைகளில் 3-இன் கணக்கு மட்டும்’ என்று எழுதிவிடுங்கள்.