துணிக்கூரை கன்வெர்ட்டிபிளா? வடிகால் துளைகளைப் பாருங்கள்

நான்கு பேர் உட்காரும் சொகுசு கன்வெர்ட்டிபிள் (கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார்) வைத்திருப்பவர்கள் கூரைத் துணியைத்தான் பார்த்துப் பார்த்துத் துடைப்பார்கள். அதைவிட முக்கியம், கூரை மடிந்து இறங்கும் பள்ளத்தின் ஓரங்களில் இருக்கும் வடிகால் துளைகள். மழைநீர் அவற்றின் வழியாகத்தான் வண்டிக்கு அடியில் இறங்கும். காய்ந்த இலையும் தூசியும் சேறாகி அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே திரும்பி கார்பெட்டுக்கு அடியில் தேங்கும். பல கார்களில் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலும் எலக்ட்ரானிக் பெட்டிகள் இருப்பதால், செலவு வெறும் துர்நாற்றத்தோடு நிற்காது.

துளை எங்கே என்பது மாடலுக்கு மாடல் மாறும்; கையேட்டில் பாருங்கள். அங்கே ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் சற்று நேரத்தில் வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையா? வளையும் மெல்லிய நைலான் இழையை விட்டு மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். கம்பி வேண்டாம், துளையிலிருந்து கீழே இறங்கும் குழாய் கிழிந்துவிடும். அழுத்தக் காற்றும் வேண்டாம், உள்ளே இணைப்பு கழன்றால் பிறகு அதைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

நனைந்த கூரையை மடித்து நாள்கணக்கில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். கூரை ஓரத்து ரப்பர் பட்டைகளுக்கு சிலிகோன் கலந்த பராமரிப்புத் திரவம் போதும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும்.

இன்னொன்று: கூரை திறந்திருக்கும்போது உள்ளே சுழலும் காற்றைக் குறைக்கும் காற்றுத் தடுப்பு வலை பெரும்பாலும் பின்சீட்டின் மேல்தான் பொருந்தும். நான்கு பேர் போகும் நாளில் அதைக் கழற்றி வைக்க டிக்கியில் முன்பே இடம் ஒதுக்குங்கள், ஏனென்றால் கூரை மடிந்ததும் அங்கே மிஞ்சும் இடம் கொஞ்சம்தான்.