எடை மிகுந்த டூரிங் பைக்கைக் கையாள்வது எப்படி?

பெட்ரோல் நிரப்பிய நிலையில் பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஆர்டி என்ற டூரிங் பைக்கின், அதாவது நீண்ட பயணங்களுக்கான வண்டியின், எடை 279 கிலோ. ஹோண்டா கோல்டு விங் டூர் 380 கிலோவை ஒட்டி வருகிறது. ஓட்டுபவர், பின்னால் அமர்பவர், பெட்டிகளில் உள்ள சாமான்கள் எல்லாம் சேர்ந்தால் மொத்த எடை அரை டன்னைத் தொட்டுவிடும். ஆனாலும் நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது இந்த எடை பாரமாகத் தெரிவதில்லை; வேகம் நடைவேகத்துக்குக் குறையும் நேரத்தில்தான் அது மொத்தமாக ஓட்டுபவரின் கால்களுக்கு வந்து சேர்கிறது. இவ்வகை வண்டிகள் சாய்வது பெரும்பாலும் வாகன நிறுத்தங்களிலும், யூ டர்ன் எடுக்கும் இடங்களிலும், வீட்டு வாசலிலும்தான் என்பதால், அந்தச் சில மீட்டர் தூரத்தை மனத்தில் வைத்தே வண்டியைத் தேர்ந்தெடுக்கவும் பழகவும் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாங்கும்போது எடையை மட்டும் பார்ப்பது போதாது. இருக்கையின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோல்டு விங்கின் இருக்கை 745 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஆர் 1250 ஆர்டியின் வழக்கமான இருக்கையோ தாழ்த்தி வைத்தாலும் 805 மில்லிமீட்டர். நூறு கிலோ குறைவான வண்டியாக இருந்தும், உயரம் குறைந்த ஒருவருக்கு ஆர்டியே நிறுத்தக் கடினமாகத் தோன்றக்கூடும், ஏனெனில் முழுப் பாதமும் தரையில் ஊன்றியிருக்கும்போது தாங்க முடிகிற எடையை நுனிக்காலில் தாங்க முடியாது. ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பதோடு நிற்காமல், பயணத்தில் அணியப்போகும் அதே பூட்ஸுடன் இறங்கி நின்று, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் கையால் தள்ளிப் பாருங்கள். 1988ஆம் ஆண்டு மாடலிலிருந்து கோல்டு விங்கில் ரிவர்ஸ் வசதி இருப்பது ஆடம்பரத்துக்காக அன்று. லேசான இறக்கத்தில் முன்சக்கரம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்திவிட்ட வண்டியைத் தனி ஒருவர் பின்னுக்கு இழுப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

வண்டி கைக்கு வந்தபின் முதல் சில வாரங்களை ஆளில்லாத ஒரு திறந்த வெளியில் மெதுவாக ஓட்டிப் பழகச் செலவிடுவது நல்லது. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் லேசாகத் திருகி வைத்துக்கொண்டு, கிளட்சைப் பாதி மட்டும் பிடித்த நிலையில் (ஹாஃப் கிளட்ச்) சக்கரத்துக்குச் செல்லும் இழுவிசையைக் கூட்டியும் குறைத்தும், பின் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி நடைவேகத்தில் செல்ல வேண்டும். எஞ்சின் இழுக்க, பின் பிரேக் தடுக்க, இவ்விரண்டுக்கும் இடையில் வண்டி விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். திருப்பத்தின் நடுவே கிளட்சை முழுவதும் பிடித்துவிட்டால் அந்த இழுவிசை அறுந்து, வண்டி உள்பக்கமாகச் சரிந்துவிடும். அதைவிட மோசமானது ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடிப்பது. பெரிய வண்டிகள் சாய்வதற்கு இதைவிடப் பொதுவான காரணம் கிடையாது. எனவே முன் பிரேக்கால் நிறுத்துவதாக இருந்தால், நிற்பதற்கு முன்பே ஹேண்டில்பாரை நேராக்கிவிட வேண்டும். கண் தரையைப் பார்க்காமல், போக வேண்டிய இடத்தைப் பார்க்கட்டும்.

நிறுத்துமிடத்துக்குள் நுழையும் முன் எப்படி வெளியே வரப்போகிறோம் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு நுழையுங்கள். சரிவு இருந்தால் பின்சக்கரம் தாழ்ந்த பக்கம் இருக்கும்படி, அதாவது முகப்பு மேட்டை நோக்கி இருக்கும்படி, முதல் கியரில் நிறுத்துவது பாதுகாப்பானது. புறப்படும்போது பின்னுக்கு உருட்டுவதும் எளிது. சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம் இருப்பதால், தரை இடப்பக்கம் அதிகமாகத் தாழ்ந்திருந்தால் வண்டி மிகவும் சாய்ந்து நின்று, நிமிர்த்தவே சிரமமாகிவிடும். வலப்பக்கம் தாழ்ந்திருந்தாலோ மறுபக்கம் கவிழும் நிலையில் நிற்கும். ஈரமண்ணிலும் வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் ஸ்டாண்டின் கால் மெல்லப் புதையும் என்பதால், அதற்கு அடியில் வைக்க ஒரு தட்டையான பிளாஸ்டிக் வில்லையைப் பெட்டியில் எப்போதும் வைத்திருப்பது அவசியம்.

சென்டர் ஸ்டாண்ட் போடுவதில் பலம் தேவையே இல்லை, முறைதான் தேவை. வண்டியை நேராக நிமிர்த்தி, ஸ்டாண்டின் இரு கால்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடுவதைக் காலால் உணர்ந்தபின், அதன் மிதியில் உடலின் முழு எடையையும் செங்குத்தாக இறக்கினால் வண்டி தானாகவே பின்னேறி அமரும். கையால் தூக்க முயல்பவர்களுக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.

என்ன பழகினாலும் ஒரு நாள் வண்டி சாயலாம். சாயும்போது குறிப்பிட்ட கோணத்தைத் தாண்டிவிட்டால் பிடித்து நிறுத்த முயலாமல் விலகிவிடுவதே காலுக்கும் முதுகுக்கும் நல்லது. பிறகு எஞ்சினை அணைத்து, பெட்ரோல் ஒழுகுகிறதா என்று பார்த்து, இயன்றால் முதல் கியரில் போடுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் தூக்குவதற்கு முன்பே சைடு ஸ்டாண்டை விரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிமிர்ந்த வேகத்தில் அப்படியே இடப்பக்கம் போய் விழும். சாய்ந்த பக்கமாகவே ஹேண்டில்பாரை முழுவதும் திருப்பி, வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் பின்புறத்தைப் பதித்து, ஒரு கையால் தாழ்ந்திருக்கும் கைப்பிடியையும் மறு கையால் பின்புறக் கம்பியையோ உறுதியான சட்டத்தையோ பற்றிக்கொண்டு, முதுகை வளைக்காமல் கால்களால் உந்தி, சிறு சிறு அடிகளாகப் பின்னோக்கி நடந்தால் வண்டி எழும்பும். இதை ஒரு முறையேனும், அனுபவமுள்ள ஒருவர் அருகிலிருக்க, பழைய மெத்தையின் மேல் சாய்த்துப் பயிற்சி செய்துவிடுவது மிகவும் உதவும்.

சாமான் ஏற்றுவதில் விதி ஒன்றுதான்: கனமானவை கீழேயும், இரு சக்கரங்களுக்கு நடுவேயும். பின்சக்கரத்துக்கும் அப்பால் உயரத்தில் இருக்கும் டாப் பாக்ஸில் கருவிகளையும் தண்ணீரையும் அடைத்தால், வேகத்தில் வண்டி மெல்ல ஆடத் தொடங்கும். அங்கே மழைக்கோட்டு, போர்வை போன்றவை போதும். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் சொந்த எடையைக் கழித்தால் கிடைப்பதில் இருவரின் உடல் எடையும் அடக்கம் என்பதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. பின்னால் அமர்பவரோ, ஓட்டுபவர் இரு கால்களையும் ஊன்றித் தலையசைத்த பிறகே ஏறவோ இறங்கவோ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையில், கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். காற்று குறைந்தால் மெதுவாகத் திருப்பும்போது ஹேண்டில்பார் கனத்துப்போகும். அந்த அறிகுறியை எஞ்சின் சூட்டோடும் களைப்போடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். அலாரமும் கடிகாரமும் நிறுத்தி வைத்த வண்டியிலும் மின்சாரம் எடுத்துக்கொண்டே இருப்பதால், சில வாரங்கள் ஓட்டாமல் வைக்கும்போது பேட்டரியைச் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் மெயின்டனர் என்ற கருவியுடன் இணைத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் எண்ணமே வேண்டாம். செயினுக்குப் பதில் சுழலும் தண்டால் பின்சக்கரத்தை இயக்கும் ஷாஃப்ட் டிரைவ் உள்ள வண்டிக்குச் செயின் வேலை இல்லை என்றாலும், அதன் பின்முனையில் உள்ள பற்சக்கரப் பெட்டியின் ஆயிலும் காலக்கெடுவில் மாற்ற வேண்டியதே.

நீண்ட பயணத்தில் களைப்பு முதலில் காட்டுவது வேகத்தில் அன்று, நிறுத்துவதில். ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்றின் ஓசை நாள் முழுவதும் காதையும் கவனத்தையும் தின்கிறது. காதடைப்பான் அணிந்தால் மாலையில் தலை தெளிவாக இருக்கும். ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு மீதமிருந்தாலும், இறங்கி நடந்து கால்களை உதறிக்கொள்ளுங்கள். தங்குமிடத்தை வெளிச்சம் இருக்கும்போதே அடையும்படி திட்டமிட்டு, வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, நிறுத்துமிடத்தின் தரையையும் சரிவையும் முதலில் நடந்து பார்த்துவிட்டு வந்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.