லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் அனுப்பும் முன் எப்படிச் சோதிப்பது?

ஒரு டிரைவரைத் திருத்தி, கமிட்டும் போட்டாகிவிட்டது. இனி அதைப் பேட்ச்சாக (செய்த மாற்றத்தை மட்டும் காட்டும் ஃபைல்) மெயிலில் அனுப்பும் முன் செய்ய வேண்டியவை இவை.

முதலில், கோட் எழுதிய அதே ஃபோல்டரில் சோதிக்காதீர்கள். புதிய ஹெடர் ஃபைலை 'கிட் ஆட்' செய்ய மறந்திருந்தால் அங்கே தெரியவே தெரியாது. ஃபைல் டிஸ்க்கில் இருப்பதால் உங்களிடம் பில்ட் ஒழுங்காக முடியும். பேட்ச்சை வாங்கிப் போட்டுப் பார்ப்பவரிடம் உடையும். அதனால் 'கிட் ஒர்க்ட்ரீ ஆட்' கொடுத்து வேறொரு ஃபோல்டரில் உங்கள் கமிட்டை எடுங்கள். ஒரே பிராஞ்சை இரண்டு இடத்தில் எடுக்க கிட் விடாது என்பதால் பிராஞ்சு இல்லாமல் கமிட்டை மட்டும் எடுக்கும் 'டிடாச்' ஆப்ஷனும் வேண்டும்.

அடுத்து கான்ஃபிக், அதாவது கெர்னலில் எவையெல்லாம் சேர வேண்டும் என்ற பட்டியல். 'மேக் டெஃப்கான்ஃபிக்' போட்டபின் 'மேக் மெனுகான்ஃபிக்'கில் உங்கள் டிரைவர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது: டிரைவர் ஆஃபில் இருந்தால் உங்கள் ஃபைல் கம்பைலே ஆகாது, ஆனாலும் பில்ட் பிழையின்றி முடியும். உங்கள் சி ஃபைலின் பெயரில் ஆப்ஜெக்ட் ஃபைல் உருவாகியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

டிரைவரை ஒய் (கெர்னலுக்குள்ளேயே), எம் (தனி மாட்யூலாக), என் (ஆஃப்) ஆகிய மூன்று நிலைகளிலும் வைத்து பில்ட் செய்யுங்கள். மாட்யூல்கள் பயன்படுத்த எக்ஸ்போர்ட் செய்யாத ஃபங்ஷனை அழைத்திருந்தால் 'எம்' நிலையில், மாட்யூல்களைச் சரிபார்க்கும் மோட்போஸ்ட் கட்டத்தில் பிடிபடும். டிரைவர் ஃபோல்டரை மட்டும் கம்பைல் செய்தால் மோட்போஸ்ட் ஓடாது, முழு பில்ட் தேவை. 'என்' நிலையில், உங்கள் ஃபங்ஷனை நம்பியிருக்கும் மற்ற கோட் உடைகிறதா என்று தெரியும். 'மேக்' கட்டளையுடன் 'டபிள்யூ=1' சேர்த்தால் கூடுதல் எச்சரிக்கைகள் வரும்; உங்கள் மாற்றத்தால் வந்தவற்றைத் திருத்துங்கள்.

பிறகு அதே கட்டளையில் 'சி=2' கொடுத்து, கோடை ஓட்டாமலே அலசிப் பிழை தேடும் ஸ்பார்ஸ் கருவியை ஓட்டுங்கள். 'சி=1' என்றால் புதிதாகக் கம்பைல் ஆகும் ஃபைல்களை மட்டுமே அது பார்க்கும். லிட்டில் எண்டியன் (எண்ணின் கீழ்நிலை பைட் முதலில் வரும் முறை; பிக் எண்டியன் அதற்கு நேரெதிர்) மதிப்பைச் சாதாரண எண்ணாக எடுத்துக் கையாண்டால் எக்ஸ்86 கணினியில் எல்லாம் சரியாகவே ஓடும், பிக் எண்டியனான எஸ்390-இல் தவறான விடை வரும். அந்தக் கணினி கையில் இல்லாமலே ஸ்பார்ஸ் இதைக் காட்டிக்கொடுக்கும்.

பல பேட்ச்கள் இருந்தால் 'கிட் ரீபேஸ்' கட்டளையின் 'எக்செக்' ஆப்ஷனால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பில்ட் செய்யுங்கள். மூன்றாம் பேட்ச்சில் வரும் ஃபங்ஷனை இரண்டாம் பேட்ச்சே அழைத்தால் நடுவில் பில்ட் உடையும். பின்னாளில், பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடும் 'கிட் பைசெக்ட்' கொண்டு வேறொரு பிழையைத் தேடுபவர் அங்கே வந்து மாட்டிக்கொள்வார்.

இனி ஓட்டிப் பார்க்க வேண்டும். கான்ஃபிக்கில் கேசன் (மெமரிப் பிழைகளைப் பிடிப்பது), ப்ரூவ் லாக்கிங் (லாக் பிழைகளைப் பிடிப்பது) இரண்டையும் ஆன் செய்து, மெய்நிகர் கணினியான கியூஎமுவில் பூட் செய்யுங்கள். அந்த ஹார்டுவேர் இல்லாமல் டிரைவரை ஓட்ட முடியவில்லை என்றால், கம்பைல் மட்டுமே செய்து பார்த்ததாக பேட்ச்சில் எழுதுங்கள். அதை யாரும் குறையாக நினைப்பதில்லை, மறைப்பதுதான் தவறு.

பேட்ச்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்ட் கடைசியில். பேட்ச்சை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்று உறுதிசொல்லும் 'சைன்டு ஆஃப் பை' வரி விட்டுப்போனதையும், 100 எழுத்தைத் தாண்டிய வரிகளையும் சொல்லும். அது சொல்வதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தேவையில்லை.

'கிட் சென்ட் இமெயில்' மூலம் முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்த மெயிலில் உள்ள பேட்ச்சை 'கிட் ஏஎம்' கட்டளை கொண்டு கோடில் ஏற்றிப் பாருங்கள். டேப் ஸ்பேஸாக மாறியிருந்தால் பேட்ச் ஏறாது.