கூத்துக் களரிக்குப் போக முடியாத காய்ச்சல் நாட்கள்: நாம் விடுகிற பிழைகள்

மாரி மழை ஓய்ந்து வேளாண்மை வெட்டு முடிகிற நேரத்தில்தான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். டெங்கும் அந்த நேரத்தில்தான் வீடு வீடாக வரும். அதனால் சட்டம், அதாவது அவரவர் பாத்திரத்தின் பாட்டு எழுதிய ஏடு, வாங்கி, ஆட்டமும் பழகி, முழுக் கூத்தையும் ஆடி அடுக்குப் பார்க்கிற நாள் நெருங்கும்போது யாராவது ஒருவர் பாயில் விழுவது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். போன முறை விழுந்தது நான். அப்போது நான் விட்ட பிழைகளையும் பக்கத்தில் பார்த்த பிழைகளையும் எழுதுகிறேன், இம்முறை பழகுகிறவர்களுக்கு உதவும்.

முதலாவது, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரிடம் மறைப்பது. "சும்மா தடிமன்தான் ஐயா, ரெண்டு நாளில எழும்பிருவன்" என்று சொல்லிவிட்டுப் படுத்தால், அங்கே நீங்கள் களரிக்குள் ஆடி நுழைகிற வரவு வரும்போது மத்தளக்காரர் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பார், உங்களோடு சோடியாக ஆடுபவர் தனியே சுற்றுவார். உண்மையைச் சொன்னால் இன்னொரு பொடியனை உங்கள் இடத்தில் நிறுத்தி மற்றவர்களின் ஆட்டத்தைப் பழக்குவார்கள். இடம் பறிபோய்விடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் ஒருவருக்கு மாதக்கணக்காகப் பழக்கிய பாட்டையும் ஆட்டத்தையும் இன்னொருவருக்கு முதலிலிருந்து பழக்க எந்த அண்ணாவியாரும் விரும்பமாட்டார்.

அடுத்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை: காய்ச்சல் விட்டதும் சுகமாகிவிட்டது என்று நினைப்பது. எனக்கு நாலாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது, பசியும் எடுத்த மாதிரி இருந்தது, சரி, இனிப் போகலாம் என்று பொழுதுபட்டதும் களரிக்குப் போய்விட்டேன். ஆடவில்லை, பிற்பாட்டுக்காரரோடு இருந்தேன், அவ்வளவுதான். ஒரு மணித்தியாலத்தில் கையும் காலும் சில்லென்று ஆகி, வயிறு நொந்து, இரண்டு பேர் பிடித்துத்தான் முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள். டெங்கில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும், அது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் விடாத வயிற்று நோவு, திரும்பத் திரும்ப வாந்தி, பல் முரசில் இரத்தம், சிறுநீர் குறைவது, கைகால் குளிர்வது, இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், விடியட்டும் என்று இருக்கவே கூடாது. இரத்த அணுக்களை எண்ணுகிற எப்.பி.சி பரிசோதனையையும் மூன்றாம் நாளுக்குள் செய்துவிடுங்கள்.

உடம்பு உளைவுக்குக் கடையில் கேட்டு ஏதாவது குளிசை போடுவதும் ஆபத்து. டெங்கு சந்தேகம் இருந்தால் பரசிட்டமோல் மட்டும்தான்; அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனக் எல்லாம் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிட்டமோலும் பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். ஜீவனி என்கிற உப்புச் சீனிக் கரைசல், இளநீர், கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கலாம். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வார்கள், வாந்தி எடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

பார்க்க வருகிற சனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூத்துக்காரர் படுத்தால் முழுக் குழுவும் வாசலில் நிற்கும், அந்த அன்பு பெரியது. ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, காய்ச்சல்காரரைக் கடித்த நுளம்பு பிறகு மற்றவர்களுக்கும் பரப்பும். ஆகவே பகலிலும் வலைக்குள் படுங்கள், வருகிறவர்களைக் காய்ச்சல் நாட்கள் கழிந்தபின் வரச் சொல்லுங்கள்.

சரி, படுத்துக்கொண்டு என்னதான் செய்வது? எல்லாரும் செய்வது, பழக்கத்தை முழுதாகப் பதிந்து அனுப்பச் சொல்லி இரவிரவாகக் கேட்பது. அது உடம்பையும் கெடுக்கும், மனதிலும் நிற்காது. அடுத்து வரும் ஒரேயொரு தருவை, அதாவது தாளத்தோடு பாடி ஆடுகிற பாட்டை, மட்டும் கேட்டு வாங்குங்கள். போனை மத்தளத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அடி மட்டும்தான் விழும், பாட்டு விளங்காது. அண்ணாவியாருக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். கேட்கும்போது பாடாதீர்கள், தாளக்கட்டை விரலால் தொடையில் போட்டாலே போதும். எனக்கு அப்படித்தான் ஒரு தரு முழுதாகப் பிடிபட்டது.

கனமான புத்தகத்தைத் தூக்குவதும் ஒரு பிழைதான். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து எழுதி, 1947இல் வெளியான, பழந்தமிழ் இசை பற்றிய யாழ் நூலை நான் காய்ச்சலில் திறந்தேன். நாலு பக்கம் போகவில்லை, தலையிடி மட்டும் கூடியது. சுகமானபின் ஆறுதலாகப் படிக்க வேண்டிய நூல் அது.

நான் தவறவிட்டது வேறொன்று. அம்மம்மா பக்கத்தில் இருந்து கஞ்சி தரும்போது வைகாசிச் சடங்கில் அம்மனைக் குளிர்விக்கப் பாடுகிற கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாட்டை மெல்ல முணுமுணுத்தபடி இருந்தார். ஐந்து நாள் கேட்டேன், ஒரு வரியையும் பதியவில்லை, எந்த ஊர்க் கோயிலில் யாரிடம் பழகியது என்றும் கேட்கவில்லை. காய்ச்சல் குறைந்த நேரத்தில் போனைப் பக்கத்தில் வைத்து, அவரிடம் கேட்டுக்கொண்டு, பத்து நிமிடம் பதிவது பெரிய வேலையே இல்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

திரும்பிப் போகும்போது அவசரப்படாதீர்கள். டெங்குக்குப் பிறகு அலுப்பு சில கிழமை இருக்கும். கூத்தின் ஒரு வகையான வடமோடியில் அரசன் வேடம் என்றால் கரப்புப் போல விரிந்த கரப்புடுப்பும் தலையில் கிரீடமும் போட்டு விடியும்வரை ஆட வேண்டும், அதற்கு மூச்சு வேண்டும். முதல் கிழமை இருந்து பாடுங்கள், மறுகா சதங்கை இல்லாமல் வரவை மட்டும் ஆடிப் பாருங்கள், தலை சுற்றினால் அந்த இடத்திலேயே நின்று அண்ணாவியாரிடம் சொல்லிவிடுங்கள்.