பொம்மை ரிமோட் வாங்கிக் குடுத்தும் குழந்தை நம்ம ரிமோட்டையே கேக்குதா? இப்படி பண்ணிப் பாருங்க

தவழ ஆரம்பிச்ச குழந்தை இருக்கற வீட்ல டிவி ரிமோட்டுக்கு நிம்மதியே கிடையாது. சுத்தி பத்து பொம்மை கெடந்தாலும் அதையெல்லாம் தாண்டி சோபா வரைக்கும் வந்து ரிமோட்ட புடிச்சு நேரா வாய்க்கு கொண்டு போயிடும். இதுக்குன்னே லைட் எரியற, பாட்டு பாடற, நம்பர் சொல்ற பொம்மை ரிமோட் விக்கறாங்க, ஆறு மாசத்துல இருந்து குடுக்கலாம்னு பெரும்பாலும் அட்டையிலயே போட்டிருக்கும், நாமளும் ஆசையா வாங்கிட்டு வந்து குடுத்தா சில குழந்தைங்க மாசக்கணக்கா கைய விட்டு எறக்காது, சிலது ஒரு தடவ நக்கிப் பாத்துட்டு தூக்கிப் போட்டுட்டு மறுபடி நம்ம ரிமோட்டுக்கே வந்து நிக்கும். ரெண்டாவது ரகம் வாய்ச்சவங்க எல்லாரும் சொல்றது ஒன்னுதான், "இவன ஏமாத்த முடியல, காசு வேஸ்ட்".

எனக்கென்னவோ பொம்மைய குறை சொல்லி பிரயோஜனம் இல்லன்னு தோணுது. குழந்தைக்கு அந்த லைட்டும் பாட்டும் ரெண்டாம் பட்சம். அம்மா அப்பா எந்நேரமும் கையில வச்சிருக்காங்க, காணோம்னா வீட்டையே பொரட்டிப் போட்டு தேடறாங்க, அப்ப அது ஏதோ பெரிய சாமான், எனக்கும் வேணும். கணக்கு அவ்ளோதான். எட்டு ஒன்பது மாசத்துல நாம எத பாக்கறமோ அதையே திரும்பி பாக்கறது, நாம பண்றத அப்படியே பண்ணிப் பாக்கறது ரெண்டுமே சூடு பிடிக்கற நேரம். அதனால நீங்க ஒரு தடவகூட தொடாத பொம்மை ரிமோட்ட அதுவும் தொடாது.

அதனால புதுசு வந்த உடனே கவர பிரிச்சு குழந்தை கையில திணிக்காதீங்க. ரெண்டு மூணு நாள் நீங்க யூஸ் பண்ணுங்க. சும்மா சொல்லல, சோபால உக்காந்து அத கையில வச்சுகிட்டு டிவி பக்கம் நீட்டி அமுக்குங்க, பக்கத்துல இருக்கறவங்க "எங்கிட்ட குடு"ன்னு கேக்கட்டும், நீங்க குடுக்காதீங்க. பொம்மை கூடையிலயும் போடாதீங்க, நிஜ ரிமோட் எங்க கெடக்குமோ அங்கயே, சோபா கைப்பிடி மேலயோ டீப்பாய் மேலயோ வைங்க. குழந்தை தானா வந்து எடுக்கும், எடுத்த உடனே "ஐயோ அது என்னோடது"ன்னு லேசா ஒரு பில்டப் குடுத்தா போதும், அப்பறம் விடவே விடாது.

நிஜ ரிமோட்ட மறைக்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. அஞ்சாறு மாச குழந்தைக்கு கண்ணுல படலன்னா அந்த பொருளே இல்லன்ற மாதிரிதான், ஒன்பது மாசம் வந்துட்டா அந்த கதை செல்லாது, நீங்க தலகாணிக்கு அடியில வச்சத பாத்துடுச்சுன்னா தலகாணிய தூக்கி எடுக்கும். அதனால அது பாக்காத நேரமா பாத்து ஒசரமான எடத்துல வச்சிடுங்க. ஒரு கையில நிஜம் ஒரு கையில பொம்மைன்னு வச்சுகிட்டு மாத்தி குடுக்கற வேலையெல்லாம் வேண்டாம், அதுல எப்பவும் தோக்கறது நாமதான்.

இன்னொரு சிக்கல், கொஞ்சம் வெவரமான குழந்தைங்க பொம்மை ரிமோட்ட வாங்கி பட்டன அமுக்கும், உடனே தலைய திருப்பி டிவிய ஒரு பார்வை பாக்கும், அங்க ஒன்னும் மாறல, மறுபடி அமுக்கும், மறுபடி டிவி, அதுக்கப்பறம் நம்ம மூஞ்சிய பாக்கும் பாருங்க, கடைக்காரன் செல்லாத நோட்ட பாக்கற மாதிரி ஒரு பார்வை. இதுக்கு சில பேர் ஒரு ட்ரிக் பண்றாங்க, பின்னாடி நிஜ ரிமோட்ட மறச்சு வச்சுகிட்டு குழந்தை அமுக்கும்போது இவங்க சேனல் மாத்தறது. சிரிப்பா இருக்கும், ஆனா தினமும் அத பண்ண முடியாது, அதுவும் இல்லாம ரெண்டு வயசு முடியாத குழந்தைக்கு டிவியே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னத நெனச்சா எனக்கு அது சரியா படல. டிவிய ஆஃப் பண்ணிட்டு நீங்களே டிவியா மாறிடுங்க. அது பட்டன் அமுக்குனா நீங்க பூனை மாதிரி கத்துங்க, இன்னொரு பட்டன் அமுக்குனா கண்ண மூடி தூங்கற மாதிரி நடிங்க, மறுபடி அமுக்குனா எந்திரிங்க. அமுக்குனா ஏதோ நடக்குதுன்னு புரியறதுதான் இந்த பொம்மையில இருக்கற மொத்த விஷயமும், அது ஒரு எல்இடி லைட்ல நடக்கறத விட ஆள் மூஞ்சியில நடந்தா குழந்தைக்கு அத்தன குஷி.

இத வெறும் விளையாட்டுக்காக சொல்லல. அமெரிக்காவுல 10ல இருந்து 16 மாச குழந்தையும் அதோட அம்மாவோ அப்பாவோன்னு 26 ஜோடிய கவனிச்சு பண்ண ஒரு ஆய்வு 2016-ல ஜாமா பீடியாட்ரிக்ஸ்ன்ற குழந்தை மருத்துவ இதழ்ல வந்துச்சு, அதுல பேசற லேப்டாப் பொம்மை, போன் பொம்மை எல்லாம் குடுத்தப்ப புக்கு வச்சு விளையாடுனத விட பெரியவங்க கம்மியா பேசுனாங்க, குழந்தையும் கம்மியாதான் சத்தம் குடுத்துச்சு. யோசிச்சா புரியும், பொம்மை வாய் ஓயாம பேசிட்டிருந்தா நாம எங்க பேசறது. அதனால தினமும் கொஞ்ச நேரமாவது சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வெறும் பட்டனா குடுங்க, "ஒன்னு"ன்னு அது சொல்றதுக்கு பதிலா நீங்க சொல்லுங்க.

சத்தம்னு வந்ததால அதையும் சொல்லிடறேன். ஒரே பாட்டு நாள் முழுக்க ஓடுனா பைத்தியம் புடிக்கும், அது நம்ம பிரச்சன. குழந்தை பிரச்சன வேற, அது பொம்மைய காதோட ஒட்டி வைக்கும். அதனால சத்தத்த கொறைக்கற சுவிட்ச் இருக்கற மாடலா பாத்து வாங்குங்க, எப்பவும் கொறஞ்சதுலயே விடுங்க. அப்பவும் ஜாஸ்தியா இருந்தா ஸ்பீக்கர் ஓட்டை மேல பேக்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டுனா நல்லாவே அமுங்கிடும், எச்சில் உள்ள போறதும் நிக்கும். ஓரம் பிஞ்சு வருதான்னு அப்பப்ப பாத்துக்கோங்க, பிச்சு வாய்ல போட்டுக்கும்.

வாங்கும்போது பேட்டரி மூடிய திருப்பி பாருங்க, ஸ்க்ரூ இருக்கணும். வெறுமனே தள்ளுனா தொறக்கற மூடின்னா எனக்கு இலவசமா குடுத்தாலும் வேண்டாம். டிரிபிள் ஏ செல் போடறதா இருந்தா நல்லது, வாட்ச் பேட்டரி மாதிரி வட்டமா தட்டையா இருக்கறது வேண்டவே வேண்டாம். பட்டன் தனித்தனியா குத்தி வச்சதா இல்லாம ஒரே ரப்பர் ஷீட்ல உள்ளேர்ந்து வந்திருந்தா கடிச்சு பிய்க்க முடியாது. கடையில அமுக்கி பாக்கறப்ப சில மாடல் ரெண்டே சத்தம்தான் குடுக்கும், அது டெமோ மோட், வீட்டுக்கு வந்து பின்னாடி இருக்கற பிளாஸ்டிக் பட்டைய இழுத்துட்டு சுவிட்ச போட்டாதான் முழு பாட்டும் வரும், இது தெரியாம ரிப்பேர்னு திருப்பி அனுப்பறவங்களும் உண்டு.

வட்ட பேட்டரி மேல எதுக்கு இவ்ளோ பயம்னா, பொம்மைய விட நம்ம வீட்டு நிஜ ரிமோட்டுங்கதான் ஆபத்து. கலர் லைட்டு, சின்ன சவுண்ட் பாருக்கு வர்ற மெல்லிசு ரிமோட், கார் சாவி, இதுல எல்லாம் காசு சைஸ்ல லித்தியம் பேட்டரி இருக்கும். அத முழுங்கி தொண்டைக்கு கீழ உணவுக்குழாய்ல மாட்டுச்சுன்னா எச்சில் பட்ட உடனே கரன்ட் ஓடி அந்த எடத்துல அரிக்கற ரசாயனம் (காரம்) உண்டாகி ரெண்டே மணி நேரத்துல சதைய அரிச்சுடும். அமெரிக்காவுல ஒன்றரை வயசு குழந்தை ஒன்னு ரிமோட் பேட்டரிய முழுங்கி 2020-ல எறந்து போனதுக்கப்பறம்தான் 2022-ல இந்த பேட்டரி மூடி எப்படி இருக்கணும்னு தனியா சட்டமே போட்டாங்க. வீட்ல ஒரு ரிமோட் மூடி தொறந்து கெடந்து பேட்டரிய காணோம்னா, குழந்தை சிரிச்சு விளையாடிட்டு இருந்தாலும் சரி, "பாத்துக்கலாம்"னு ஒக்காராம நேரா எமர்ஜென்சிக்கு போய் எக்ஸ்ரே எடுக்க சொல்லுங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. தேன் குடுன்னு எங்கயாவது படிச்சிருப்பீங்க, அது ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு மட்டும், அதுவும் ஆஸ்பத்திரிக்கு போற வழியில, அதுக்காக ஒரு நிமிஷம் லேட் பண்ணக்கூடாது.

"எதுக்கு தனியா பொம்மை, பழைய ரிமோட்ல பேட்டரிய எடுத்துட்டு குடுத்துட்டா போச்சு"ன்னு நெறய வீட்ல பண்றாங்க, குழந்தைக்கும் அதுதான் ரொம்ப புடிக்கும், பாக்க அச்சு அசல் நிஜம்தானே. நான் முழுசா வேண்டாம்னு சொல்ல மாட்டேன், ஆனா அது குழந்தை வாய்ல வைக்கும்னு நெனச்சு பண்ணதில்ல. பின் மூடி கழண்டு வரும், உள்ள ஸ்பிரிங் இருக்கும், பழைய பேட்டரி ஒழுகி வெள்ளையா பூத்து போயிருந்தா அது வாய்க்கு போகும். நீங்க பக்கத்துல ஒக்காந்திருக்கறப்ப மட்டும் குடுங்க.

பாட்டு இழுத்து இழுத்து பேய் மாதிரி வந்தாலோ நடு ராத்திரி தானா ஒரு சத்தம் குடுத்தாலோ பயப்படாதீங்க, செல் தீரப்போகுது இல்லன்னா கூடையில வேற பொம்மை அது பட்டன் மேல ஏறி ஒக்காந்திருக்கு. மாத்தறப்ப எல்லா செல்லையும் சேத்து புதுசா போடுங்க. தொடைக்கறதுக்கு லேசா ஈரத்துணி போதும், குழாயில காட்டாதீங்க, எச்சில் காஞ்சு பட்டன் ஓரத்துல அழுக்கு ஒட்டியிருந்தா பட்ஸ் வச்சு எடுத்துடலாம்.

ஒன்றரை வயசு வாக்குல பட்டன் மேல இருந்த ஆச போயிடும், ஆனா அதே ரிமோட்ட காதுல வச்சு "அலோ"ன்னு பேச ஆரம்பிக்கும், இல்ல பொம்மைக்கு சோறு ஊட்டற கரண்டியா ஆகிடும். அப்ப செல்ல எடுத்துட்டு குடுத்தாலும் அதுக்கு ஒன்னும் தெரியாது. அடுத்த குழந்தைக்குன்னு எடுத்து வைக்கறதா இருந்தாலும் செல்ல கழட்டிட்டு ஸ்க்ரூவ மறுபடி இறுக்கி வைங்க, உள்ளயே விட்டா ஒழுகி கம்பி துரு புடிச்சிடும்.