காமெடி நடிகர் காதலிக்கும்போது சறுக்கும் இடங்கள்

காமெடி நடிகர் ஒருவர் ஹீரோ ஆகிறார் என்றதும் முதலில் கை வைப்பது அவர் முகத்தில்தான். வெளுப்பாக மேக்கப், புது ஹேர்ஸ்டைல், கூலிங் கிளாஸ், அப்புறம் வெளிநாட்டில் ஒரு டூயட். இதுதான் பெரிய தவறு. வருடக்கணக்காக நாம் பழகிய முகம் அது. அதைத் துடைத்துவிட்டால் திரையில் நிற்பவர் யாரோ ஒருவர்.

1964-இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தை மறுபடி பாருங்கள். அதே ஒல்லி உடம்பு, முகத்தில் அதே அம்மைத் தழும்பு, கையில் ஹோட்டல் தட்டு. நாகேஷ் நாகேஷாகவே காதலிக்கிறார். ராதா தன்னை விரும்புகிறாள் என்று சுந்தரம் நம்பியிருக்க, அவள் மனதில் இருப்பவன் அவனுடைய நண்பன். அது தெரியவரும்போது நம் தொண்டை அடைப்பதற்குக் காரணம், அதுவரை அவனோடு சேர்ந்து சிரித்ததுதான். ஹீரோ ஆனதும் சிரிப்பைப் பிடுங்கி, பக்கத்தில் வேறொரு காமெடியனை நிறுத்துகிறார்களே, அவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்தது டைமிங். காமெடியில் எதிராளி வாய் மூடுவதற்குள் கவுண்டர், அதாவது பதிலடி வசனம், விழ வேண்டும். காதலில் அந்த வேகம் ஆகாது. அவள் சொன்னது காதில் விழுந்து உள்ளே இறங்க ஒரு நொடி வேண்டும், அந்த நொடியில் கேமரா முன் சும்மா இருக்கத் தெரிய வேண்டும். பல வருடப் பழக்கம் அதற்கு விடாது. 'விடுதலை'யில் (2023) மலைக்காட்டு முகாமில் ஜீப் ஓட்டும் போலீஸ்காரராக வரும் சூரியிடம் கவுண்டர் அடிக்கும் பழைய காமெடி சூரியைத் தேடினாலும் கிடைக்காது. அந்தக் காதலை நாம் நம்புவதும் அதனால்தான்.

கதாநாயகி ஏன் இவரைக் காதலிக்கிறாள் என்று எழுதாமல் விடுவதும் உண்டு. காரணம் இல்லையென்றால் 'கோலமாவு கோகிலா' (2018) போல ஒருதலைக் காதலாகவே விட்டுவிடலாம். யோகி பாபுவின் 'கல்யாண வயசு' பாட்டை ஊரே கொண்டாடியது. அவளும் காதலிப்பதாகப் படம் பொய் சொல்லவில்லை.

"இந்த மூஞ்சிக்குக் காதலா" என்ற வசனத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். தியேட்டரில் அதே நிறத்தோடும் உடம்போடும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வலிக்கும்.

பெண்களுக்கு இந்த வாய்ப்பே அபூர்வம். 1995-இல் 'சதிலீலாவதி'யில் கோவை சரளா தன் கொங்குப் பேச்சு மாறாமல் கமல்ஹாசனுக்கு மனைவியாக வந்தார். அப்படி இன்னொரு ஜோடியைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசையாக இருக்கிறது.