நூல் விடும் பால் பாக்டீரியா: வளர்ப்பதும் பாலிசாக்கரைடை அளப்பதும்

சில பால் பாக்டீரியா பாலிசாக்கரைடு என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியைச் செய்து வெளியே விடும்; அதனால்தான் தொட்டு இழுத்தால் நூல் விடும். இவற்றை வளர்ப்பது கடினமே இல்லை. சரியான சூடும் லாக்டோஸும் (பால் சர்க்கரை) இருந்தால் ஒரே இரவில் புட்டி கலங்கிவிடும். கடினம் கடைசியில்தான் வரும்: அளவில் தெரியும் சர்க்கரை பாக்டீரியா செய்ததா, நாம் ஊடகத்தில், அதாவது வளர்ப்புக் கரைசலில், போட்டதா? முதல்முறை செய்பவர்களுக்கு எக்கச்சக்கமாக விளைச்சல் வந்தால், பெரும்பாலும் அது நீங்காமல் தங்கிய லாக்டோஸ். இந்தக் கேள்வியை ஊடகம் கலக்கும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. வகையும் சேமிப்பும்

தொடங்குவதற்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் நல்லது. நூல் விடும் வகை ஒன்று, விடாத வகை ஒன்று என இரண்டையும் வாங்குங்கள். வந்த அன்றே வளர்த்து, 20% கிளிசராலுடன் சிறு குப்பிகளில் −80 °செ-ல் உறைய வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பி. ஒரே வளர்ப்பை வாரக்கணக்கில் மாற்றி மாற்றி ஊற்றினால் நூல் விடும் குணம் போய்விடலாம். லாக்டோகாக்கஸ் என்ற இன்னொரு பால் பாக்டீரியாவில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதில் இந்த மரபணுக்கள் பிளாஸ்மிடில், அதாவது எளிதில் தொலைந்துபோகக்கூடிய தனி டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன.

2. ஊடகம்

எம்17 குழம்பை (பால் பாக்டீரியாவுக்கான ஆயத்த ஊட்டப் பொடி) 900 மி.லி. நீரில், ஒரு லிட்டருக்கு உரிய அளவு பொடி போட்டுக் கரைத்து, 121 °செ-ல் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்யுங்கள். ஆறியதும், 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்த 20% லாக்டோஸ் கரைசல் 100 மி.லி. சேருங்கள். லாக்டோஸை முதலிலேயே போட்டு ஆட்டோகிளேவில் வைத்தால் புரதத்தோடு வினைபுரிந்து ஊடகம் பழுப்பாகும்.

எம்17-ல் உள்ள ஈஸ்ட் சாற்றில் மேனன் என்ற பாலிசாக்கரைடு உண்டு. பாக்டீரியாவின் பொருளைப் போலவே அதுவும் எத்தனாலில் வீழ்படியும், சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையிலும் தங்கும். வசதி இருந்தால் ஈஸ்ட் சாறு, பெப்டோன் கரைசலை 10 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) சவ்வில் வடித்து, கீழே இறங்குவதை மட்டும் பயன்படுத்துங்கள். எப்படியானாலும், பாக்டீரியா சேர்க்காத வெற்று ஊடகப் புட்டி ஒன்றைக் கடைசிவரை கூடவே கொண்டுபோங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

3. எழுப்பி, சோதித்து, வளர்த்தல்

குப்பியிலிருந்து 1% எடுத்து 42 °செ-ல் ஓர் இரவு. அதிலிருந்து மறுபடி 1%, இன்னோர் இரவு. அகார் தட்டிலும் கீறி, 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள். மலட்டுப் பல்குச்சியால் காலனியைத் தொட்டு மெல்லத் தூக்கினால், நல்ல வகை பாகு மாதிரிக் கம்பி விடும். 5 மில்லிமீட்டருக்கு மேல் அறுந்துபோகாமல் வந்தால் தொடரலாம். தட்டில் பாதிக் காலனிகள் நூல் விடவில்லையா? பழைய குப்பிக்குத் திரும்புங்கள்.

முக்கிய வளர்ப்புக்குப் புட்டியைக் கழுத்துவரை நிரப்பி, 1% விதையிட்டு, 42 °செ-ல் ஆட்டாமல் வையுங்கள். இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. 0, 4, 8, 12, 24 மணியில் பிஎச், 600 நானோமீட்டர் கலங்கல், பாலிசாக்கரைடு மூன்றையும் பாருங்கள். நேரம் போகப் போக விளைச்சல் குறைந்தால் திகைக்க வேண்டாம். பாக்டீரியாவின் நொதிகளே செய்ததை உடைக்கலாம். எடுத்த மாதிரியை உடனே 90 °செ-ல் 15 நிமிடம் சூடாக்கினால் நொதிகள் செயலிழக்கும்.

4. பிரித்தெடுத்தல்

ஆறிய 40 மி.லி. வளர்ப்பில் 80% டிரைகுளோரோஅசிடிக் அமிலம் 2 மி.லி. விட்டு, ஐஸில் 2 மணி நேரம் மெல்லக் கலக்குங்கள். புரதம் திரியும். 4 °செ-ல் 10,000 ஜி-யில் 30 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ். நூல் விடும் வகைகளில் வண்டல் இறுகாமல் சளிபோல் மிதக்கும்; குழாயைச் சாய்த்து ஊற்றினால் எல்லாம் சேர்ந்தே வரும். மேல்நீரைப் பிப்பெட்டால் எடுங்கள். கலங்கியே இருந்தால் சம அளவு நீர் சேர்த்து மறுபடி சுற்றுங்கள்.

மேல்நீரை சோடியம் ஹைட்ராக்சைடால் பிஎச் 7-க்குக் கொண்டுவந்து, இரு மடங்கு குளிர்ந்த எத்தனால் விட்டு 4 °செ-ல் ஓர் இரவு வையுங்கள். காலையில் வெண்ணூல் திரள் தெரியும். அதை அப்படியே நம்பாதீர்கள். லாக்டோஸும் எத்தனாலில் வெளியே வரும். திரளைச் சுற்றியெடுத்து, நீரில் கரைத்து, 12–14 கிலோடால்டன் பையில் கட்டி, 4 °செ-ல் 48 மணி நேரம், தினம் இரண்டு முறை நீர் மாற்றி டயாலிசிஸ் செய்யுங்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுங்கள். சர்க்கரை நீரை இழுக்க, பை உப்பும்.

5. அளத்தல்

1956-ல் வெளிவந்த பீனால்–கந்தக அமில முறை இன்றும் போதும். கண்ணாடிக் குழாயில் மாதிரி 1 மி.லி., 5% பீனால் 1 மி.லி., பிறகு அடர் கந்தக அமிலம் 5 மி.லி. நீர்மப் பரப்பின் மேல் நேராக, வேகமாக. கொதிக்கிற அளவுக்குச் சூடாகும். புகைப் பெட்டி, பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடவே கூடாது. அரை மணி நேரம் ஆறவிட்டு 490 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பாருங்கள். ஒப்பீட்டுக்கு 0 முதல் 100 மைக்ரோகிராம் வரை குளுக்கோஸ். எல்லாமே மும்மூன்று குழாய்.

மூன்றில் ஒன்று மட்டும் தாறுமாறாக உயர்ந்தால் குழாயை எதனால் துடைத்தீர்கள் என்று யோசியுங்கள். காகிதத் தூசியும் பஞ்சிழையும் செல்லுலோஸ்; அமிலத்தில் அவையும் சர்க்கரையாகத்தான் தெரியும்.

கணக்கு: பையில் இருந்தது 10 மி.லி., அதை 5 மடங்கு நீர்த்தீர்கள், குழாயில் 40 மைக்ரோகிராம் வந்தது. 40 × 5 × 10 = 2,000 மைக்ரோகிராம், அதாவது 2 மி.கி. அது 40 மி.லி. வளர்ப்பிலிருந்து வந்ததால் லிட்டருக்கு 50 மி.கி. இதே வழியில் வந்த வெற்றுப் புட்டி 12 காட்டினால், பாக்டீரியா செய்தது 38.